பேசாத சனிக்கிழமை

"லாட்ஜுக்கா? வீட்ட வச்சிக்கிட்டு லாட்ஜ்ல எதுக்குய்யா தங்குறீங்க?"

அம்மா விருதுநகரில் இருக்கிறாள், நான் நியூஜெர்சியில். வாரம் தவறாத வாட்ஸ்அப் அழைப்பில், "வெள்ளிக்கிழமை நானும் உன் பேரனும் லாட்ஜ் நிகழ்ச்சிக்குப் போறோம்மா" என்று சொன்னது என் தப்புதான். சாரணர் இயக்கத்துக்குள் ஒரு கௌரவச் சங்கம் இருக்கிறது, அதனுடைய உள்ளூர்க் கிளைக்குத்தான் லாட்ஜ் என்று பெயர் என்று விளக்கினேன். அங்கே போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். ராத்திரி வெட்டவெளியில் தனியாகப் படுக்க வேண்டும், மறுநாள் முழுக்க உடலுழைப்பு, சாப்பாடு கொஞ்சம்தான், யாரிடமும் பேசக் கூடாது என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டாள்: "ரெண்டு பேரும் என்னய்யா தப்பு பண்ணீங்க?"

"தப்பெல்லாம் இல்லம்மா. இது மரியாதை. ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்திருக்காங்க."

"காசு ஏதும் குடுப்பாங்களா?"

"நாமதான் கட்டணும்."

அம்மா போனை மனைவியிடம் கொடுக்கச் சொன்னாள்.

அந்தச் சங்கத்தின் பெயர் ஆர்டர் ஆஃப் தி ஆரோ. சாரணர் வீடுகளில் யாரும் முழுப் பெயரைச் சொல்வதில்லை, ஓ.ஏ. என்பார்கள். பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா என்று நூறு வருடத்துக்கு மேல் வழங்கி, 2025 பிப்ரவரியில் ஸ்கவுட்டிங் அமெரிக்கா என்று பெயர் மாற்றிக்கொண்ட இயக்கத்தின் கௌரவச் சங்கம் இது. இங்கே தமிழ்க் குடும்பங்களில் சாரணர் என்றால் ஈகிள் ஸ்கவுட் என்ற பட்டம் மட்டும்தான் பேச்சு. கல்லூரி விண்ணப்பத்தில் அதற்கு மதிப்பு உண்டு என்று ஒரு நம்பிக்கை. ஓ.ஏ. பற்றி எந்தப் பிறந்தநாள் விருந்திலும் யாரும் பேசி நான் கேட்டதில்லை. எனக்கே மகன் ட்ரூப்பில், அதாவது உள்ளூர்ச் சாரணர் குழுவில், சேர்ந்து ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். அதுவும் அவன் அதில் தேர்வாகாமல் போன அன்றைக்கு.

தேர்வாகும் முறை விசித்திரமானது. ஒரு பையனோ பெண்ணோ ஃபர்ஸ்ட் கிளாஸ் என்ற படிநிலையை எட்டியிருக்க வேண்டும். இரண்டு வருடத்துக்குள் பதினைந்து இரவுகள் முகாமில் தங்கியிருக்க வேண்டும். அதில் ஒன்று, ஐந்து இரவாவது தொடர்ச்சியாக நடக்கும் நீண்ட முகாமாக இருக்க வேண்டும், மிச்சம் வார இறுதி முகாம்கள். ஸ்கவுட் மாஸ்டரும் சம்மதிக்க வேண்டும். இதுவரை சாதாரணம். அதற்குப் பிறகு ட்ரூப்பில் உள்ள பிள்ளைகள் எல்லோரும் ஓட்டுப் போடுகிறார்கள். போன மாதம் சேர்ந்த பதினொரு வயதுப் பொடிசுக்கும் ஓட்டு உண்டு. ஓட்டுப் போடுகிறவர்களில் பெரும்பாலானோர் சங்கத்திலேயே இல்லாதவர்கள். ஒரு சங்கத்தில் யாரைச் சேர்ப்பது என்பதை வெளியில் இருப்பவர்கள் முடிவு செய்கிறார்கள். ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றும் இல்லை, தகுதி என்று தோன்றும் அத்தனை பேருக்கும் போடலாம். போட்ட சீட்டுகளில் பாதியிலாவது பெயர் இருந்தால் தேர்வு.

முதல் வருடம் என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. தகுதியெல்லாம் இருந்தது. லாட்ஜிலிருந்து வெள்ளைப் பட்டை அணிந்த இரண்டு பையன்கள் வந்து ஓட்டு எடுத்துப் போனார்கள். அந்தக் கோடை முகாமின் கடைசி இரவு, கணப்பைச் சுற்றி எல்லோரும் நிற்க, பெயர்களைக் கூப்பிட்டார்கள். இவன் பெயர் வரவில்லை. பெற்றோர் வரிசையில் நின்றிருந்த எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. இவன் பக்கத்துப் பையனோடு மார்ஷ்மெல்லோ சுட்டுக்கொண்டிருந்தான்.

காரில் ஏறியதும் ஆரம்பித்தேன். யார் யாருக்குக் கிடைத்தது, உனக்கு ஏன் இல்லை, நீ எல்லாரிடமும் பழகுகிறாயா இல்லையா. எனக்குப் பேச்சு அதிகம். மனைவி அதை வேறு சொல்லால் சொல்வாள். இருபது மைல் ஓடிய பிறகு அவன் சொன்னான்: "எனக்கு நானே ஓட்டுப் போடலப்பா."

"ஏன்டா?"

"ஏப்ரல் கேம்ப்ல மழை வந்தப்போ, பாத்திரம் என்னோட டர்ன். நான் டென்ட்டுக்குள்ள ஓடிட்டேன். எல்லாருக்கும் தெரியும்."

சொல்லிவிட்டுத் தூங்கிப்போனான். நான் விடவில்லை. மறுவாரம் ட்ரூப்பில் பொறுப்பான ஒருவரைப் பிடித்து, எத்தனை ஓட்டில் போச்சு என்று கேட்டேன். எண்ணிக்கையை யாருக்கும் சொல்வதில்லை என்றார். இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பத்தாம் வகுப்பு மறுகூட்டலுக்கு விண்ணப்பம் எழுதிய பரம்பரை, சும்மா விடுமா?

அடுத்த வருடம் அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். நடுவில் அவன் என்ன செய்தான் என்று நான் கவனிக்கவே இல்லை என்பதுதான் உண்மை. முகாம்களில் நான் ட்ரூப் ட்ரெய்லரை ஏற்றி இறக்கி, அடுப்பு, தார்ப்பாய், கயிறு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கணக்குதான் என்னையும் மாட்டிவிட்டது. பிள்ளைகள் தேர்வான எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்குப் பெரியவர்களை ட்ரூப் கமிட்டி பரிந்துரைக்கலாம். அந்த வருடம் நான்கு பிள்ளைகள், ஆகவே முழு எண்ணாக்கினால் இரண்டு பெரியவர்கள். ஒருவர் எங்கள் கமிட்டித் தலைவி, இன்னொருவர் நான். பெரியவர்களுக்கு இது பாராட்டு இல்லை, அவர்களால் சங்கத்துக்கு ஏதாவது பயன் உண்டா என்று மட்டும் பார்க்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. மனைவி அதைப் படித்துவிட்டு, "அப்போ சரி, ட்ரெய்லர் ஓட்ட ஆள் வேணும்" என்றாள்.

சேரும் வார இறுதிக்கு ஆர்டீல் என்று பெயர். கடும் சோதனை என்று பொருள். வெள்ளி மாலை போய் ஞாயிறு காலை திரும்புவது. சோதனைகள் நான்கு: தனியாக உறங்குவது, மௌனம், குறைந்த உணவு, உழைப்பு. இந்த நான்கும் எல்லோரும் அறிந்தவை, ஒளிவுமறைவு இல்லை. விழாச் சடங்கில் சொல்லப்படும் வசனங்களைத்தான் வெளியே பரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். மனைவியின் முதல் கேள்வி, "இது ராகிங் இல்லையே?" நியாயமான கேள்வி. கோயம்புத்தூர் விடுதியில் முதலாண்டு படித்தவள் கேட்கத்தான் செய்வாள். சாரண இயக்கத்தில் பெற்றோருக்குத் தெரியாத ரகசிய நிகழ்ச்சி என்று எதுவும் இருக்கக் கூடாது. எந்தப் பெற்றோர் கேட்டாலும் என்ன நடக்கும் என்று சொல்லியாக வேண்டும். அவள் மின்னஞ்சலில் கேட்டாள். விரிவான பதில் வந்தது. சடங்கின் வசனத்தையே வேண்டுமானாலும் படிக்கலாம், ஆனால் மகனுக்கு முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டாம் என்று. படித்தாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நானும் தேடிப் படிக்கப் பார்த்தேன். மகன் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "அப்பா, படம் பாக்கப் போறதுக்கு முன்னாடி விக்கிப்பீடியால கதை படிக்கிற மாதிரி இருக்கு" என்றான். மடிக்கணினியை மூடினேன்.

தயாராவது என்று எடுத்துக்கொண்டால் எனக்குக் கைவந்த கலை. எக்செல்லில் பட்டியல் போட்டேன். தூக்கப்பை, தரையில் விரிக்கத் தார்ப்பாய், மழைக்கோட்டு, கணுக்கால் மூடிய பூட்ஸ், முழுக்கால் சட்டை, தோல் கையுறை, தண்ணீர்க் குப்பி, டார்ச், சாரணச் சீருடை. மருத்துவப் படிவத்தில் ஏ, பி இரண்டு பகுதிகள். மூன்று நாளுக்குக் குறைவான முகாம் என்பதால் மருத்துவர் கையெழுத்து தேவையில்லை. என் பிரஷர் மாத்திரையை எழுதினேன். மாத்திரை வேளைக்குப் போட்டே ஆக வேண்டும், சர்க்கரை மாதிரி ஏதாவது இருந்தால் உணவைக் குறைக்க மாட்டோம் என்று பதில் வந்தது. சைவம் என்றும் எழுதினேன். குறைந்த உணவு என்று சொல்லிவிட்டு, அந்தக் கொஞ்சத்திலும் முட்டையை வைத்தால் என்ன செய்வது?

வட நியூஜெர்சிக் காட்டில் மே மாதம் என்றால் பெரிய பயம் கரடி இல்லை, உண்ணி. எள்ளு அளவுதான் இருக்கும், கடித்தது தெரியாது, லைம் காய்ச்சல் வந்துவிடும். அதிக தூரமில்லாத கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊரில் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். அதற்காகப் பெர்மெத்ரின் மருந்தை உடைகள்மேல் தெளித்துக் கொல்லைப்புறக் கொடியில் இரண்டு நாள் காயப்போட்டேன். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும். பார்க்க நன்றாக இருக்காது.

வியாழன் இரவு பையை மகன் சோதனை போட்டான். என் பையை. அடியில் கடலை மிட்டாய் பாக்கெட் இரண்டு இருந்தது. சத்தியமாக நான் வைக்கவில்லை. மனைவி அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்க்காமலே, "பசிச்சா என்ன பண்ணுவீங்க" என்றாள். அவன் எடுத்து மேசைமேல் வைத்தான். "அது சீட்டிங்ம்மா. அப்புறம் கரடிக்கும் வாசனை வரும்." கரடியைச் சொன்னதும் விவாதம் முடிந்தது.

வெள்ளி மாலை முகாமில் பதிவு முடிந்ததும் பெரியவர்களையும் பிள்ளைகளையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள். செல்போனைக் காரிலேயே வைத்தாகிவிட்டது. மகன் கையை ஆட்டக்கூட இல்லை, தன் கும்பலோடு போய்விட்டான். ஏழெட்டுப் பேர் கொண்ட குழுவுக்கு ஒரு வழிகாட்டி. எலங்கோமாட் என்பார்கள், இந்தப் பக்கத்துப் பூர்வகுடிகளான லெனாபே மக்களின் மொழியில் நண்பன் என்று பொருளாம். அவர் ஏற்கெனவே இந்தச் சோதனையை முடித்தவர். ஆனாலும் நம்மோடு சேர்ந்து மறுபடியும் பேசாமல் இருப்பார், அதே அரைவயிற்றுச் சாப்பாடு, அதே வேலை. எங்கள் எலங்கோமாட் பன்னிரண்டாம் வகுப்புப் பையன். எங்கள் குழுவில் ஒரு பல் மருத்துவர், ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், எங்கள் கமிட்டித் தலைவி, நான், இன்னும் மூன்று பேர். மொத்தம் இருநூற்றைம்பது வருட அனுபவமாவது இருக்கும். எல்லோரும் அந்தப் பையனின் விரலசைவுக்கு நடந்தோம்.

இருட்டியதும் வரிசையாகக் காட்டுக்குள் கூட்டிப் போனார்கள். அங்கிருந்து பேச்சு நின்றது. ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் காட்டிவிட்டு வரிசை நகர்ந்துகொண்டே போனது. என் இடம் ஒரு கருவாலி மரத்தடி. தார்ப்பாயை விரித்து, வேர் முதுகில் குத்தாத கோணத்தைத் தேடி நான்கு தடவை திரும்பிப் படுத்தேன்.

வானம் பார்த்துப் படுப்பது எனக்குப் புதிது இல்லை. விருதுநகரில் சித்திரை, வைகாசி முழுக்க மொட்டை மாடிதான். சாயங்காலம் தண்ணீர் தெளித்து, எட்டு மணிக்குப் பாய் விரித்தால், தாத்தா முதல் சின்னத்தங்கச்சி வரை ஒரே வரிசை. யாராவது பேசிக்கொண்டே இருப்பார்கள். பேச்சு நடுவிலேயே தூக்கம் வந்துவிடும். தனியாகப் படுத்தது கிடையாது. யோசித்துப் பார்த்தால் நாற்பத்தாறு வயது வரை வெட்டவெளியில் ஓர் இரவுகூட நான் தனியாக இருந்ததில்லை. தவளைகள் விடாமல் கத்தின. கிழக்கே நியூயார்க் வெளிச்சம் மரங்களுக்கு மேலே மங்கலாகத் தெரிந்தது. பத்து மணிக்கு ஆந்தை ஒன்று தலைக்கு மேலேயே கூப்பிட்டது. அம்மா பக்கத்தில் இருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பாள். மகன் எங்கே படுத்திருக்கிறான், தூக்கப்பையின் ஜிப்பைக் கழுத்துவரை போட்டிருப்பானா, குளிர் எட்டு டிகிரிக்கு இறங்குமே என்றெல்லாம் ஓடியது. பிள்ளைகளைச் சுற்றிப் பெரியவர்கள் காவல் இருக்கிறார்கள் என்று தெரியும். தெரிந்து என்ன, கத்திக் கேட்க முடியாதே.

விடிகாலையில் தோளில் ஒரு விரல். எலங்கோமாட். காலை உணவு ஒரு ரொட்டித் துண்டு, ஒரு சீஸ் வில்லை, ஓர் ஆரஞ்சு. முட்டையை எனக்குத் தராமல் சீஸ் கொடுத்தார்கள் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். ஆரஞ்சை அவ்வளவு நிதானமாக நான் உரித்ததே இல்லை. நாரைக்கூட விடவில்லை.

வேலை என்பது முகாமைக் கோடைக்குத் தயார் செய்வது. பனிக்காலம் முழுக்க மூடிக் கிடந்த இடம். கித்தான் கூடாரங்களைக் கிடங்கிலிருந்து சுமந்து வந்து மரமேடைகள்மேல் கட்ட வேண்டும், கட்டில் மெத்தை போட வேண்டும், பாதைகளில் மரச்சீவல் பரப்ப வேண்டும், விழுந்த கிளைகளை இழுத்துப் போட வேண்டும். எங்கள் குழுவுக்கு மரச்சீவல். ஒரு மலைபோல் குவித்திருந்தார்கள். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் அள்ளிக்கொண்டு போய்க் கொட்டி, வாரியால் பரப்பி, திரும்பி வந்து மறுபடி அள்ளுவது. பல் மருத்துவர் அள்ளுவார், நான் தள்ளுவேன். பத்தாவது நடைக்குள் சைகை மொழி ஒன்று தானாக உருவாகிவிட்டது. அலுவலகத்தில் இதே வேலைக்கு மூன்று கூட்டம் போட்டிருப்போம்.

பத்து மணிவாக்கில் மகனின் குழு கிடங்குப் பக்கம் வந்தது. எனக்கும் அவனுக்கும் இடையே முப்பது அடி. அவனும் இன்னொரு பையனும் ஓர் இரும்புக் கட்டிலை ஆளுக்கொரு முனையில் தூக்கினார்கள். இவன் பின்பக்கமாக நடந்து வருகிறான். பின்னால் தரையில் புடைத்துக் கிடக்கிறது ஒரு வேர். எனக்கு வாய் திறந்துவிட்டது. சத்தம் வருவதற்குள் எதிர்முனைப் பையன் கட்டிலை லேசாக ஆட்டினான். இவன் நின்று, திரும்பிப் பார்த்து, வேரைத் தாண்டி, நடந்தான். அவ்வளவுதான். என் வாய் மட்டும் கொஞ்ச நேரம் திறந்தே இருந்தது.

அப்புறம்தான் கைகளைப் பார்த்தேன். மகன் வலது கையில் மட்டும் கையுறை. இடது கை வெறும் கை. எதிர்முனைப் பையனுக்கு இடது கையில் மட்டும் கையுறை, அதே மஞ்சள் தோல், நான் வாங்கிக் கொடுத்த அதே ஜோடி. அந்தப் பையன் கொண்டுவர மறந்திருக்கிறான். பேச முடியாது, கேட்க முடியாது. இவன் ஒன்றைக் கழற்றி நீட்டியிருக்கிறான். இரும்புக் கட்டிலின் விளிம்பு கூர்மையானது. கிடங்கில் ஒரு பெட்டி நிறைய உபரிக் கையுறை இருக்கிறது என்பது காலையில் அதைத் தாண்டி நடந்த எனக்குத் தெரியும். எலங்கோமாட்டிடம் சைகை காட்டிச் சொல்லியிருக்கலாம். அடிபடும் அபாயம் என்றால் பேசவே அனுமதி உண்டு. ஆனால் அவர்கள் அதற்குள் கையுறை இல்லாத கையை மெத்தை சுற்றியிருந்த துணிக்குள் நுழைத்துக்கொண்டு அடுத்த கட்டிலைத் தூக்கிவிட்டார்கள். நான் வண்டியைத் தள்ளினேன்.

அன்றைக்கு ஓர் எண்ணிக்கை வைத்தேன். சாதாரண நாளாக இருந்தால் அவனிடம் என்ன சொல்லியிருப்பேன் என்பதை மனசுக்குள் எண்ணுவது. தண்ணீர் குடி. தொப்பி எங்கே. அப்படிப் பிடிக்காதே. சட்டையைச் செருகு. மதியச் சூப் வருவதற்குள் முப்பதைத் தாண்டிவிட்டது. இத்தனைக்கும் மொத்தமாக ஒரு மணி நேரம்தான் அவன் என் கண்ணில் பட்டிருப்பான். சொல்லாமல் விட்டதால் என்ன கெட்டது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். தொப்பி போடாததில் மூக்கு கொஞ்சம் சிவந்திருந்தது. வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை.

மாலைச் சடங்கைப் பற்றி எழுதப் போவதில்லை. கேட்டுக்கொண்டார்கள், ஒப்புக்கொண்டேன். ஆனால் அங்கே நின்றபோது ஓடிய ஒன்றைச் சொல்லலாம்.

இந்தச் சங்கம் தொடங்கியது எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத இடத்தில். நியூஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் நடுவே ஓடும் டெலவேர் நதியில் ட்ரெஷர் ஐலண்ட் என்று ஒரு தீவு. பிலடெல்பியா சாரணர்களின் கோடை முகாம் அங்கே நடந்தது. 1915-ல் அதன் இயக்குநர் எர்னர் குட்மேன், துணை இயக்குநர் கேரல் எட்சன், இருவருக்கும் இருபதுகளின் தொடக்கம். நல்ல முகாம்வாசிகளை, அதாவது தன் வேலையைச் செய்துவிட்டு மற்றவன் வேலைக்கும் கை கொடுக்கிறவர்களை, மற்றப் பையன்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று யோசித்தார்கள். ஜூலை 16 அன்று முதல் சடங்கு. 1948-ல் சாரண இயக்கம் இதை முழுமையாகத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. அந்தத் தீவும் இந்தக் கரைகளும் லெனாபே மக்களின் நிலம் என்பதால் அவர்கள் மொழியிலிருந்து சொற்களை எடுத்துக்கொண்டார்கள். எலங்கோமாட் அப்படி வந்ததுதான்.

சொற்கள் இங்கே இருக்கின்றன, மக்களில் பெரும்பாலோர் இல்லை. 1737-ல், பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென்னின் மகன்கள் ஒரு பழைய பத்திரத்தைக் காட்டி, ஒரு மனிதன் ஒன்றரை நாள் நடக்கும் தூரம் வரை எங்களுக்கு என்று லெனாபேக்களிடம் கேட்டார்கள். பிறகு பாதையை முன்கூட்டியே வெட்டி வைத்து, வேகமாக ஓடக்கூடிய ஆட்களை அமர்த்தி, லெனாபேக்கள் நினைத்ததைவிட மிக அதிக நிலத்தை அளந்துகொண்டார்கள். அதன்பின் தள்ளித் தள்ளி, இன்று அவர்களின் பெரும்பகுதி ஓக்லஹோமாவிலும் விஸ்கான்சினிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் பேசப்பட்ட உனாமி என்ற கிளைமொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் 2002-ல் இறந்துபோனார். தேதிவாரியாக மொழிப்போர் கதை கேட்டு வளர்ந்த எனக்கு, ஒரு பதினேழு வயதுப் பையனின் பதவிப் பெயராக மட்டும் மிஞ்சியிருக்கும் சொல்லைக் கேட்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. முன்பெல்லாம் இறகுத் தலைப்பாகை, தோல் உடை என்று பூர்வகுடி வேடத்தில் சடங்கு நடத்துவார்களாம். பூர்வகுடி மக்களிடமிருந்தே எதிர்ப்பு வந்து, சில வருடங்களாக அது குறைந்துகொண்டே வருகிறது. எங்களுக்குச் சடங்கு நடத்திய பிள்ளைகள் சாதாரணச் சாரணச் சீருடையில்தான் இருந்தார்கள். அதுவே எனக்கு நிம்மதி. சொற்களை என்ன செய்வது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரேயடியாக எடுத்துவிட்டால் அந்தப் பையன்களுக்கு லெனாபே என்ற பெயரே தெரியாமல் போகும் என்று தோன்றுகிறது. வைத்திருந்தால் அந்த 1737 கதையையும் யாராவது சொல்ல வேண்டும். அன்று யாரும் சொல்லவில்லை. திரும்பும் வழியில் நான் சொன்னேன். அவன் கேட்டான் என்று வைத்துக்கொள்வோம்.

சடங்கு முடிந்ததும் தோளில் வெள்ளைப் பட்டை, அதில் சிவப்பு அம்பு. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரே இரைச்சல். ஒரு முழு நாள் அடக்கிவைத்த நூற்றுக்கணக்கான வாய்கள் ஒரே நேரத்தில் திறந்தால் எப்படி இருக்கும்! பாஸ்தாவை இரண்டு தட்டு வாங்கிக்கொண்டு மகனைத் தேடினேன். அவனே எதிரே வந்தான். மூக்கு சிவந்து, முட்டியில் சேறு, இடது உள்ளங்கையில் ஒரு சின்னச் சிராய்ப்பு. முதலில் நான்தான் பேசுவேன் என்று நினைத்திருந்தேன். கேட்க வேண்டியது முப்பத்துச் சொச்சம் இருந்தது.

"அப்பா," என்றான், "காலைலேர்ந்து உங்க ஷூ லேஸ் அவுந்தே இருக்கு. வண்டிய தள்ளிட்டு இறக்கத்துல வேற போனீங்க. என்னால சொல்லவும் முடியல, வேற எதையும் பாக்கவும் முடியல."

குனிந்து பார்த்தேன். வலது பூட்ஸ். நுனி மண்ணில் இழுபட்டுப் பிய்ந்து தூரிகை மாதிரி ஆகியிருந்தது.

ஞாயிறு காலை வயிறு முட்ட அப்பம், மேப்பிள் பாகு. அடுத்த படிநிலை என்ன, எப்போது தகுதி வரும் என்று ஒரு வகுப்பு எடுத்தார்கள். ஆறு மாதம் கழித்து பிரதர்ஹுட் என்று ஒன்று, பட்டையில் அம்பின் இரு முனைகளிலும் ஒவ்வொரு கோடு கூடும். காரில் ஏறி நெடுஞ்சாலையைத் தொடுவதற்குள் அவன் தூங்கிவிட்டான். லெனாபே கதையைப் பாதி தூக்கத்தில்தான் கேட்டிருப்பான். வீட்டில் மனைவி முதல் வேலையாக இருவரையும் தோட்டத்துப் பக்கம் நிறுத்தி உண்ணி இருக்கிறதா என்று பார்த்தாள். அப்புறம்தான் வத்தக்குழம்பு.

அம்மாவுக்கு வீடியோ அழைப்பு. பட்டையைப் போட்டுக் காட்டச் சொன்னாள். ஓ.ஏ. நிகழ்ச்சிகளில் மட்டும்தான் அணிய வேண்டும் பாட்டி என்று அவன் மறுத்துவிட்டான். கையில் பிடித்துக் காட்டினான். அம்மா கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "அம்பு எந்தப் பக்கம் பாத்து இருக்கணும்னு எதாவது கணக்கு இருக்கா?" என்று கேட்டாள். தோள் பக்கம் மேல்நோக்கி என்றான். "அதானே" என்றாள், என்ன புரிந்ததோ.

இது போன வருடக் கதை. இந்த மே மாதம் மகன் எலங்கோமாட்டாகப் போகிறான். அவனே கேட்டு வாங்கிக்கொண்டது. மறுபடி ஒரு ரொட்டி, ஓர் ஆரஞ்சு, வாய்ப்பூட்டு. நான் அடுப்படியில் பரிமாறும் குழுவில் இருக்கிறேன், அங்கே பேசலாம். போன வாரம் சாமான் வாங்க ஹோம் டிப்போ போனோம். கையுறை வரிசையில் அதே மஞ்சள் தோலில் மூன்று ஜோடி எடுத்துக் கூடையில் போட்டான். எதுக்குடா மூணு என்று கேட்கப் போனேன்.

"ஒண்ணு எனக்கு" என்றான். பணம் கட்டும் வரிசை நீளமாக இருந்தது.